டிஸ்க் மாற்றியதும் டேட்டாபேஸ் திறக்கவில்லையா? பதறாமல் சரிசெய்யும் வழி

வேலூர் காந்தி ரோட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நடந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். பெட்டி, எக்ஸ்ரே கவர், மருந்துப் பை சகிதம் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் ரூம் தேடிக்கொண்டிருப்பார்கள். பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தும் இருக்கும். சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள அந்த லாட்ஜுகளில் ஒன்றிலிருந்துதான் போன மே மாதம் எனக்கு போன் வந்தது. பேசியது ஓனரின் மகன். "அண்ணா, புது டிஸ்க் போட்டேன். இப்ப எந்த ரூம்ல யார் இருக்காங்கன்னே தெரியல. எல்லாம் போச்சுண்ணா."

எதுவும் போகவில்லை. ஆனால் அந்தப் பையன் பதற்றத்தில் அடுத்த அரை மணி நேரத்தில் செய்யவிருந்த காரியங்களால் நிஜமாகவே போயிருக்கும். "தம்பி, எதையும் தொடாதே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அன்று செய்த வேலையை முதல் தடவை இதில் மாட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். டேட்டாபேஸ் படித்திருக்கத் தேவையில்லை. ஃபோல்டர் திறக்கவும் நோட்பேடில் ஒரு வரி மாற்றவும் தெரிந்தால் போதும்.

அங்கே இருந்த அமைப்பு நம் ஊர்க் கடைகளில் சகஜமாகப் பார்ப்பதுதான். யாரோ ஒரு காலேஜ் பையன் எழுதிக்கொடுத்த சாஃப்ட்வேர், விண்டோஸில் எக்ஸாம்ப் (வெப் சர்வரையும் டேட்டாபேஸையும் ஒன்றாகத் தரும் இலவசத் தொகுப்பு), அதற்குள் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வர். எக்ஸாம்ப் அதை மைஎஸ்க்யூஎல் என்ற பெயரிலேயே காட்டும். பெயர், ரூம் எண், வந்த நேரம் எல்லாம் டேட்டாபேஸில். ஆதார், பாஸ்போர்ட் ஸ்கேன்கள் தனி ஃபோல்டரில். பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததால் புது எஸ்எஸ்டியை டி டிரைவாகப் போட்டு, எக்ஸாம்பின் டேட்டா ஃபோல்டரையும் ஸ்கேன் ஃபோல்டரையும் கட் செய்து அங்கே பேஸ்ட் செய்திருக்கிறான். அதுவும் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

எக்ஸாம்ப் கண்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் வரிசையில் உள்ள ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். அது ஓடவே இல்லை என்று தோன்றினாலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மைஎஸ்க்யூஎல்டி என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸ் நாம் போடும் பதிவை உடனே அதன் இறுதி இடத்தில் எழுதிவிடாது. கொஞ்சம் மெமரியில், கொஞ்சம் லாக் ஃபைலில், கொஞ்சம் டிஸ்கில் என்று மூன்று இடத்திலும் பரவிக் கிடக்கும். நிறுத்தும்போதுதான் கணக்கை முடித்து மூட்டை கட்டும். ஓடும்போதே காப்பி எடுத்தால், கொதிக்கிற பாத்திரத்தை நகர்த்துவது போல. வழியெல்லாம் சிந்தும்.

பழைய டிஸ்கில் விண்டோஸ் ஓடவில்லை என்றால் அதைக் கழற்றி மேசை மேல் வையுங்கள், ஓடினால் அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். கட் செய்து பேஸ்ட் செய்திருந்தாலும் சரி, விண்டோஸ் அழித்த ஃபைல்களின் உள்ளடக்கம் அதே இடத்தில் புதிதாக எதையாவது எழுதும் வரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தேவைப்பட்டால் ரெக்கவரி சாஃப்ட்வேரால் தேடிப் பார்க்கலாம். சினிமா காப்பி போடுகிறேன், விண்டோஸ் ஏற்றுகிறேன் என்று அந்த டிஸ்கைத் தொட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

அடுத்தது, உடைந்து கிடக்கும் இந்த நிலையையே ஒரு காப்பி எடுப்பது. புது டிஸ்கில் உள்ள டேட்டா ஃபோல்டர் முழுவதையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் போட்டு, ஃபோல்டர் பெயரில் தேதியும் நேரமும் எழுதுங்கள். "கெட்டுப்போனதை எதற்குக் காப்பி எடுக்கணும்?" என்று அந்தத் தம்பியும் கேட்டான். நாம் செய்யப்போகும் ரிப்பேரில் இன்னும் கெட்டுப்போனால் திரும்பி வந்து நிற்க ஒரு இடம் வேண்டுமே, அதற்கு.

பிழைச் செய்தியைப் படிப்பது

எக்ஸாம்ப் காட்டும் சிவப்பு எழுத்து 'மைஎஸ்க்யூஎல் எதிர்பாராமல் நின்றுவிட்டது' என்பதோடு முடிந்துவிடும். காய்ச்சல் என்று சொல்வது மாதிரிதான் அது, என்ன காய்ச்சல் என்று சொல்லாது. உண்மையான விஷயம் டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் எரர் லாக் ஃபைலில் இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் லாக்ஸ் பட்டனை அழுத்தினாலும் திறக்கும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டேட்டா ஃபோல்டரை இடம் மாற்றியபின் புது லாக் புது இடத்தில் எழுதப்படும், பட்டனோ பழைய ஃபைலையே திறக்கலாம். நானே ஒரு தடவை முந்தின மாதத்து லாக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மண்டையை உடைத்திருக்கிறேன். வரியின் தொடக்கத்தில் இருக்கும் தேதியை முதலில் பாருங்கள்.

கடைசியாக ஸ்டார்ட் செய்த நேரத்திலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து, எரர் என்று வரும் முதல் வரியில் நில்லுங்கள். அதற்குப் பின் வருபவை பெரும்பாலும் அந்த ஒன்றின் பிள்ளைகள். அந்த வரியில் எரர் எண் 2 என்று இருந்தால், சொன்ன இடத்தில் ஃபைல் இல்லை என்று அர்த்தம். 13 என்று இருந்தால் ஃபைல் இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை. டிஸ்க் மாற்றியபின் நான் பார்த்தவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றுதான்.

எண் 2: பாதை தவறு

எக்ஸாம்ப் ஃபோல்டருக்குள் மைஎஸ்க்யூஎல், அதற்குள் பின் என்ற ஃபோல்டர், அதில் மை.ஐஎன்ஐ. இந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு நோட்பேடில் திறங்கள். டேட்டாடிர் என்று ஒரு வரி இருக்கும், அதில் சி டிரைவ் பாதை இருக்கும். அதைப் புது டிரைவுக்கு மாற்ற வேண்டும். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கீழே இன்னும் இரண்டு வரிகள் உண்டு: இன்னோடிபி டேட்டா ஹோம் டிர், இன்னோடிபி லாக் குரூப் ஹோம் டிர். இன்னோடிபி என்பது டேபிள்களைச் சேமித்து எடுக்கும் உள் என்ஜின். எக்ஸாம்பில் இந்த மூன்றும் ஒரே ஃபோல்டரைத்தான் காட்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஆள் ஒரு வீட்டில், அரிசி இன்னொரு வீட்டில்.

பாதையில் வலப்பக்கம் சாயும் கோட்டையே போடுங்கள். விண்டோஸின் அட்ரஸ் பாரிலிருந்து காப்பி எடுத்தால் இடப்பக்கம் சாயும் கோடு வரும். அதை மைஎஸ்க்யூஎல் வேறு விதமாக எடுத்துக்கொள்ளும். சேவ் செய்யும்போது என்கோடிங் ஆன்சி என்று இருக்கட்டும். பிஓஎம் உள்ள யூடிஎஃப்-8 ஆகச் சேவ் ஆகிவிட்டால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று உட்கார்ந்துகொள்ளும், முதல் வரியிலேயே சர்வர் தடுக்கி விழும்.

எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. நேற்று ஈ டிரைவாக இருந்தது இன்று ஒரு பென் டிரைவ் முந்திக்கொண்டதால் எஃப் ஆகிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க் மேல் ரைட் கிளிக் செய்து ஒரு எழுத்தை நிலையாகக் கொடுத்துவிடுங்கள், டி போல முன்வரிசையில் இல்லாத ஒரு எழுத்தாக. என்னைக் கேட்டால் ஓடும் டேட்டாபேஸை யூஎஸ்பி டிஸ்கில் வைக்கவே கூடாது. சார்ஜர் ஒயரைத் தேடுகிற கை அந்த ஒயரையும் இழுத்துவிடும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி தானாக சிங்க் ஆகும் ஃபோல்டருக்குள்ளும் வேண்டாம்.

எண் 13: அனுமதி இல்லை

வேறு கம்ப்யூட்டரிலிருந்து வந்த டிஸ்க் என்றால் அந்த ஃபோல்டரின் உரிமை இன்னும் பழைய விண்டோஸ் யூசர் பெயரிலேயே இருக்கும். டேட்டா ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி என்று போங்கள். டேட்டாபேஸ் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ அந்தக் கணக்குக்கு மாடிஃபை அனுமதி கொடுக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் நீங்களே ஸ்டார்ட் செய்தால் அது உங்கள் யூசர். சர்வீஸாக ஓடினால் சர்வீசஸ் ஜன்னலில் லாக் ஆன் என்ற இடத்தில் பெயர் இருக்கும். தனியாக இன்ஸ்டால் செய்த மைஎஸ்க்யூஎல் 8 என்றால் அது பெரும்பாலும் நெட்வொர்க் சர்வீஸ். எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிடு என்று யூடியூபில் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஊரார் பாஸ்போர்ட் நகல் இருக்கும் கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்யப்பட்டிருப்பது நல்லது. எக்ஸ்ஃபேட்டில் இந்த அனுமதி ஏற்பாடும் இல்லை, கரண்ட் போனால் ஃபைல் அமைப்பைச் சமாளிக்கும் ஜர்னலும் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி, ஊரெல்லாம் ஏசி போட்டு, கரண்ட் போய்ப்போய் வரும் நம் ஊருக்கு அது சரிப்படாது.

இரண்டையும் பார்த்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, லாக்கில் 3306 என்ற எண் வருகிறது என்றால் வேறொரு மைஎஸ்க்யூஎல் அந்த போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தினால் சரி.

சாமி இல்லாத கோயில்

லாட்ஜில் நடந்தது இதற்கு அடுத்த கட்டம். பாதையைச் சரிசெய்ததும் சர்வர் ஓடியது. பிரௌசரில் டேட்டாபேஸைத் திறந்து பார்க்க உதவும் பிஎச்பி மைஅட்மினில் இடப்பக்கம் எல்லா டேபிளும் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் திறந்தால் 1932 என்ற எண்ணோடு 'என்ஜினில் இந்த டேபிள் இல்லை' என்கிறது. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் வெகு காலம் சாமி இல்லாத கோயிலாகத்தான் இருந்தது. கல்யாண மண்டபம் இருந்தது, சிற்பம் இருந்தது, கருவறை இருந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981-ல் திரும்பக் கொண்டுவந்து வைத்தபிறகுதான் பூஜை நடந்தது. மரியாடிபியில் அந்த லிங்கத்தின் பெயர் ஐபிடேட்டா1. ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனி ஃபைல் இருந்தாலும், எது எங்கே இருக்கிறது என்ற உள்கணக்கு முழுவதும் இந்த ஒரு ஃபைலில் இருக்கிறது. டேபிள் பெயர்களை எஃப்ஆர்எம் என்று முடியும் குட்டி ஃபைல்களைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதால் பட்டியல் மட்டும் வந்துவிடுகிறது.

தம்பி ஃபோல்டரை நகர்த்தும்போது சர்வர் ஓடிக்கொண்டிருந்ததால் ஐபிடேட்டா1 பூட்டப்பட்டிருந்தது. 'இந்த ஃபைல் பயன்பாட்டில் உள்ளது' என்று விண்டோஸ் கேட்டபோது ஸ்கிப் அழுத்திவிட்டான். அப்புறம் புது இடத்தில் ஸ்டார்ட் செய்ததும், ஃபைலைக் காணாத சர்வர் காலியாக ஒன்றைத் தானே உருவாக்கிக்கொண்டது. பழைய டிஸ்கில் சாமி பத்திரமாக இருந்தது!

சரிசெய்யும் முறை இது. சர்வரை நிறுத்துங்கள். பழைய டிஸ்கிலிருந்து ஐபிடேட்டா1, ஐபி லாக்ஃபைல் என்று தொடங்கும் ஃபைல்கள், டேட்டாபேஸ் ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தின் நகலாகச் சேர்த்து எடுங்கள். புது டிஸ்கில் இப்போது இருக்கும் டேட்டா ஃபோல்டரை அழிக்காமல் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, இந்தத் தொகுப்பை அந்த இடத்தில் வையுங்கள். அங்கே ஃபோல்டர்கள் ஏற்கெனவே புது டிஸ்குக்குப் போய்விட்டிருந்ததால் அவற்றை அங்கிருந்தும், விட்டுப்போன ஃபைல்களைப் பழைய டிஸ்கிலிருந்தும் எடுத்துச் சேர்த்தேன். நடுவில் யாரும் புதுப் பதிவு போடாததால் இரண்டும் பொருந்தின. போன மாத பேக்கப்பிலிருந்து ஒன்று, இன்றையதிலிருந்து ஒன்று என்று கலந்தால் பொருந்தாது. லாக் எண்கள் முன்னுக்குப்பின் முரணாகி வேறு பிழைகள் கிளம்பும்.

இணையத்தில் ஒரு வைத்தியம் பிரபலம்: டேட்டா ஃபோல்டரைப் பெயர் மாற்று, எக்ஸாம்பில் உள்ள பேக்கப் ஃபோல்டரைக் காப்பி செய்து அதற்கு டேட்டா என்று பெயர் வை, உன் டேட்டாபேஸ் ஃபோல்டர்களை உள்ளே போடு. சர்வரின் சொந்த டேபிள்கள் கெட்டிருந்தால் இது நல்ல வைத்தியம்தான். ஆனால் பாதியில் நிறுத்துபவர்கள் ஏராளம். உங்கள் பழைய ஐபிடேட்டா1 ஃபைலையும் கடைசியில் அதன் மேல் போட வேண்டும். பேக்கப் ஃபோல்டரில் இருப்பது எக்ஸாம்ப் இன்ஸ்டால் செய்த அன்றைய காலி ஃபைல். அதோடு, யூசர், பாஸ்வேர்டு எல்லாம் முதல் நாள் நிலைக்குப் போய்விடும், அதாவது ரூட்டுக்குப் பாஸ்வேர்டே இல்லாத நிலை. சாஃப்ட்வேருக்கான யூசரை மறுபடி உருவாக்கிக்கொள்ளுங்கள்.

மைஎஸ்க்யூஎல் 8-ல் எஃப்ஆர்எம் ஃபைல்களே கிடையாது, உள்கணக்கு மைஎஸ்க்யூஎல்.ஐபிடி என்ற ஃபைலில் இருக்கும். அங்கே முழு டேட்டா ஃபோல்டரையும் அப்படியே தூக்குவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

நிஜமாகவே கெட்டிருந்தால்

பிஎச்பி மைஅட்மினில் டேபிள்களைத் தேர்ந்தெடுத்து செக் டேபிள் கொடுத்துப் பாருங்கள். எல்லாம் ஓகே என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அங்கே ரிப்பேர் டேபிள் என்றும் ஒன்று உண்டு. அது மைஐசாம், ஏரியா வகை டேபிள்களுக்கு உதவும், இன்னோடிபி டேபிளுக்கு ஒன்றும் செய்யாது. சர்வரே எழுந்திருக்கவில்லை, லாக்கில் இன்னோடிபி பக்கம் கெட்டிருக்கிறது என்று வந்தால், மை.ஐஎன்ஐயில் மைஎஸ்க்யூஎல்டி தலைப்பின் கீழ் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி (innodb_force_recovery=1) என்ற வரியைச் சேர்த்து மதிப்பு 1 கொடுத்துப் பாருங்கள். எழவில்லை என்றால் 2, அப்புறம் 3. எழுந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: டேட்டாபேஸ் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வெளியே எடுப்பது. அந்த நிலையில் புதுப் பதிவு எதுவும் போடாதீர்கள். 4 முதல் 6 வரை போனால் தரவு நிரந்தரமாகச் சேதமாகலாம், ஆகவே தனிக் காப்பியில் மட்டும். எக்ஸ்போர்ட் கிடைத்ததும் சர்வரை நிறுத்தி அந்த வரியை நீக்குங்கள். கெட்ட டேட்டா ஃபோல்டரை ஓரமாக வைத்து, எக்ஸாம்பின் பேக்கப் ஃபோல்டர் நகலை அந்த இடத்தில் வைத்து ஸ்டார்ட் செய்து, புதிதாக ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி அதில் இம்போர்ட் செய்யுங்கள்.

இம்போர்ட்டின்போது சர்வர் போய்விட்டது என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸாம்பில் மேக்ஸ் அலவ்டு பாக்கெட் 1 எம்பி என்று மிகக் குறைவாக இருக்கும். 64 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பெயர் வருகிறது, படம் வரவில்லை

லாட்ஜில் ரூம் பட்டியல் வந்ததும் தம்பி மூச்சு விட்டான். ஆனால் ஸ்கேன்களைத் திறந்தால் வெறும் கட்டம். பங்களாதேஷ் பாஸ்போர்ட்டோடு வந்தவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை ஆன்லைனில் போட்டாக வேண்டும், அதற்கு அந்த ஸ்கேன் வேண்டும். ஆகவே இதைக் காலையில் பார்க்கலாம் என்று விட முடியவில்லை.

1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது. 2019-ல் வேலூர் மூன்றானது. ஆம்பூர்க்காரர் ஒருவரின் வீட்டுப் பத்திரத்தில் வட ஆற்காடு என்றும், பழைய ரேஷன் கார்டில் வேலூர் என்றும், இப்போதைய மனுவில் திருப்பத்தூர் என்றும் இருக்கும். டேட்டாபேஸும் பழைய பத்திரம் போலத்தான். படத்தை அது தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் என்ற முகவரியை மட்டும் எழுதி வைத்திருக்கிறது. படம் டி டிரைவுக்குப் போய்விட்டது, எழுத்து இன்னும் சி என்கிறது.

அந்த டேபிளைத் திறந்து பாதை எழுதியிருக்கும் நெடுவரிசை (காலம்) எது என்று கண்டுபிடியுங்கள். மேலே சர்ச் என்ற இடத்துக்குள் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் இருக்கும். அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, பழைய பாதையையும் புதிய பாதையையும் கொடுத்தால் எந்தெந்த வரி எப்படி மாறும் என்று முதலில் காட்டும். அதைப் பார்த்தபின்தான் ரீப்ளேஸ். தேடுவதற்கு வெறும் 'சி' எழுத்தையும் கோலனையும் கொடுத்துவிடாதீர்கள், ஃபோல்டர் பெயர் வரை முழுதாகக் கொடுங்கள். அதற்கும் முன்னால் அந்த டேபிளை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள், இதற்கு அன்டூ கிடையாது. எஸ்க்யூஎல் பெட்டியில் நீங்களே எழுதுவதானால் இடப்பக்கம் சாயும் கோட்டை இரண்டு தடவை போட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

பாதி படம் வந்து பாதி வரவில்லை என்றால், சாஃப்ட்வேர் இப்போது லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபைல் பெயரின் கடைசியில் பெரிய எழுத்தில் உள்ள ஜேபிஜியும் சின்ன எழுத்தில் உள்ள ஜேபிஜியும் விண்டோஸுக்கு ஒன்று. லினக்ஸுக்கு அவை வேறு வேறு ஆட்கள்.

வங்காளத்திலும் தமிழிலும் எழுதிய பெயர்களெல்லாம் கேள்விக்குறியாக வந்தால் அது இம்போர்ட்டின்போது எழுத்து முறை மாறியதால் வந்தது. கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் அதிலிருந்து பெயரை மீட்க வழியில்லை. எக்ஸ்போர்ட் ஃபைலுக்குத் திரும்பிப் போய், டேட்டாபேஸை எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 ஆக உருவாக்கி, இம்போர்ட் பக்கத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து மறுபடி ஏற்றுங்கள்.

முடிந்ததா என்று பார்ப்பது

சாஃப்ட்வேர் திறந்துவிட்டது என்பதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. நல்லவேளையாக லாட்ஜ் ஓனர், அதாவது தம்பியின் அப்பா, கம்ப்யூட்டரை நம்பாத மனிதர். நீள நோட்டு ஒன்றில் தன் கையாலும் எழுதிக்கொண்டே வந்திருந்தார். அந்த நோட்டின் கடைசி இரண்டு நாளைத் திரையோடு ஒத்துப் பார்த்தோம். ஒரே ஒரு பதிவு இல்லை, ஃபைலை நகர்த்திக்கொண்டிருந்த அந்த பத்து நிமிஷத்தில் வந்தவர். அதைக் கையால் போட்டோம். உங்களிடம் நோட்டு இல்லை என்றால் ரசீது புத்தகம், ஜிபே வரவு, எதையாவது வைத்துக் கடைசிப் பதிவுகளைச் சரிபாருங்கள். பழையதில் நாலைந்தையும் திறந்து பாருங்கள். அப்புறம் ஒரு பதிவு புதிதாகப் போட்டு, கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து, அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த தடவை டிஸ்க் மாற்றும்போது ஃபோல்டரைத் தூக்காதீர்கள். பிஎச்பி மைஅட்மினில் எக்ஸ்போர்ட் கொடுத்து வரும் எஸ்க்யூஎல் ஃபைலைப் புது இடத்தில் இம்போர்ட் செய்தால், மேலே சொன்ன அனுமதி, லாக் எண், ஐபிடேட்டா1 எதுவும் குறுக்கே வராது. ஸ்கேன் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்து, பாதையை மாற்றிவிட்டால் ஆயிற்று.

பழைய டிஸ்கை இரண்டு மாதமாவது வைத்திருக்கச் சொன்னேன். அதன் பிறகும் பழைய இரும்புக் கடைக்குப் போடக்கூடாது. குயிக் ஃபார்மட் செய்தாலும் அதில் பல வருஷத்து ஆதாரும் பாஸ்போர்ட்டும் தோண்டினால் கிடைக்கும். முழுக்க மேலெழுதி அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தட்டையே உடைத்துவிட வேண்டும். இப்போதைக்கு அது ஓனரின் கல்லாப்பெட்டிக்கு அடியில், பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. மேலே தேதி எழுதி ஒட்டியிருக்கிறார்.